நாலு மீட்டர் தூரம்

சிவகாசிப் பக்கம் முன்பெல்லாம் காதுக்கு ஆபத்து என்றால் அது வெடிதான். அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டு ஓடிவரும் பேரனிடம் "காதைப் பொத்துடா!" என்று ஆச்சி வாசலிலிருந்து கத்துவார். வருடத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி. மற்ற நாளெல்லாம் தீப்பெட்டி ஒட்டும் திண்ணையில் ரேடியோ பாடும். ஒரு ரேடியோவுக்கு ஒரு தெருவே காது கொடுக்கும். தொலைபேசி என்றால் எஸ்.டி.டி. பூத். மீட்டரில் காசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு யார் மணிக்கணக்கில் பேசுவார்கள்?

வெடிச் சத்தத்துக்கு 1999இல் அளவு வைத்தார்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. 2018இல் சரவெடிக்கே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பல குடும்பங்களின் பிழைப்பை ஆட்டிப்பார்த்த தீர்ப்பு அது.

காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் ஹெட்செட்டுக்கு எந்த நாலு மீட்டர்?

காலையில் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பேருந்துகளில் பாருங்கள், பாதி இளவட்டங்களின் காதில் அது இருக்கும். என்ஜின் இரைச்சலையும் ஹாரனையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டும், அதனால் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இறங்கிய பிறகு குறைக்கத் தோன்றுவதில்லை, காது அதற்குப் பழகிவிடுகிறது. கெடுதல் தொடங்குவது இங்கேதான். செல்போன் கதிர்வீச்சால் காது போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. சத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு ஏற்றினால் வாரம் முழுவதற்குமே சுமார் 20 நிமிடம்தான். ஒரு பேருந்துப் பயணத்திலேயே அது தீர்ந்துவிடும்.

உள்காதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கிழிந்த செவிப்பறைகூடப் பெரும்பாலும் ஆறிவிடும், இவை ஆறாது. முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். வீட்டுக்குள் பேசினால் கேட்கும், கல்யாண மண்டபத்தில் பேசினால் 'என்ன, என்ன?' என்று கேட்க வேண்டிவரும். ராத்திரி படுத்தால் காதுக்குள் 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல். நாற்பதைத் தாண்டியவர் சொல்ல வேண்டிய இந்தக் குறையை இருபது வயதில் ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, விபத்து பயம். அதனால் வேலை நேரத்தில் ஹெட்செட்டிடமிருந்து காது தப்பிக்கிறது. கல்லூரி விடுதியில் விடிய விடியப் படம் பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஓய்வும் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் பள்ளிகளுக்கு வந்து, வெடியை எப்படிக் கொளுத்துவது என்று செய்து காட்டுகிறார்கள். அதே நாளில் ஒரு காது டாக்டரையும் அழைக்கலாம். பிள்ளைகளின் போனை வாங்கி, சத்தத்தின் உச்ச அளவைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திவைக்க அவர் சொல்லித்தரட்டும். அந்த வசதி பல போன்களில் ஏற்கெனவே இருக்கிறது.