விளக்கெண்ணெயில் ஓடும் பிஸ்டன்

மாட்டுவண்டி இருந்த வீடுகளில் வண்டி மை என்று ஒன்று இருக்கும். வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, அதை விளக்கெண்ணெயில் குழைத்து வைத்திருப்பார்கள். சக்கரம் கிறீச்சிடத் தொடங்கியதும் என் தாத்தா கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்து, அச்சில் அந்த மையை விரலால் வழித்துப் பூசுவார். பூசிய விரலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குக் கறுப்பு போகாது. அவ்வளவு பிடிவாதமான எண்ணெய் அது. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்தப் பிடிவாதம்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அடியில் தேங்கி நிற்கும். பம்ப் அதை மேலே தள்ளும். வேலை முடிந்ததும் வடிந்து கீழே வந்துவிடும். சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் அதற்கு வழியில்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் நுழைகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுந்தி, பக்கத்து வழிகளில் ஏறி சிலிண்டருக்குப் போகிறது. கிராங்க் கேஸில் எண்ணெயைத் தேக்கி வைத்தால் அதுவும் கூடவே ஏறி எரிந்துபோகும். ஆகவே பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே அனுப்புகிறார்கள். டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில் விட்டால் 50-க்கு 1, 50 மி.லி. விட்டால் 20-க்கு 1. யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றில் ஆயிலுக்குத் தனி டாங்க்கும் சின்ன பம்ப்பும் உண்டு. ஆனால் அங்கேயும் போன எண்ணெய் திரும்பி வருவதில்லை. தன் வேலையைச் செய்து, பாதி எரிந்தும் எரியாமலும் சைலன்சர் வழியே வெளியேறிவிடும்.

அந்தச் சில துளிகளின் மேல் விழும் சுமையைப் பாருங்கள். ஆர்.எக்ஸ். 100 தன் முழு பலத்தைக் காட்டுவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். அதாவது நொடிக்கு 125 சுற்று, சுற்றுக்கு ஒரு வெடிப்பு. பிஸ்டன் ரிங்குக்கும் பிக் எண்ட் பேரிங்குக்கும் கிடைப்பதெல்லாம் பெட்ரோலோடு வந்த எண்ணெய்ப் பனி மட்டும்தான். பெட்ரோலோ கிரீஸ் கறையைக் கழுவ நாம் பயன்படுத்தும் பொருள். அது கழுவக் கழுவ, இரும்பை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் எண்ணெய்தான் இங்கே வேண்டும்.

முதல் உலகப் போர்க்கால விமானங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. சிலிண்டர்களே சுழலும் அந்த எஞ்சின்களிலும் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகும். பெட்ரோலில் எளிதில் நீர்த்துப்போகாத ஆமணக்கெண்ணெயை, அதாவது நம் விளக்கெண்ணெயை, அவற்றுக்கு ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் விமானியின் முகத்தில் தெறிக்கும். அதன் புகையையும் துளியையும் விழுங்கி விமானிகள் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-ல் தொடங்கிய எண்ணெய் நிறுவனம், தன் சரக்கில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்தது. 'காஸ்டர்' என்ற ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்ற வணிகப் பெயர் பிறந்தது. ரேஸ் மைதானங்களில் இனிப்பும் கருகலும் கலந்த ஒரு வாசனை வரும். அது எரிந்த ஆமணக்கின் வாசனை. ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

மற்ற எண்ணெய்களுக்கு இல்லாத எது ஆமணக்குக்கு இருக்கிறது? அதன் கொழுப்பு அமிலங்களில் 10-க்கு 9 பங்கு ரிசினோலிக் அமிலம். 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி அது. 12-ஆவது கார்பனில் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ அந்தக் கொக்கி கிடையாது. இந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால்தான் விளக்கெண்ணெய் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது. 40 டிகிரி வெப்பத்தில் அதன் குழகுழப்பு நல்லெண்ணெயைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். அதே கொக்கி உலோகத்தையும் பற்றிக்கொள்ளும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது கனிம எண்ணெய் ஆவியாகி ஓடிவிட, ஆமணக்கெண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு படலமாகப் பிஸ்டனைக் காத்து நிற்கின்றன. பெட்ரோல் அளவு குறைந்து, எஞ்சின் கொதித்து, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி 'சீஸ்' ஆகிப்போகும் அந்த ஓரிரு நொடியில் ரேஸ் ஓட்டுநருக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் பிணைந்த படலம் அப்புறம் எங்கே போகும்? இதற்கான விடையை நான் ஒரு மெக்கானிக் கடையில் பார்த்தேன். யார் பேச்சையோ கேட்டு, மாதக்கணக்கில் கடை விளக்கெண்ணெயை விட்டு ஓட்டிய வண்டி அது. மெக்கானிக் சிலிண்டர் பேரலைத் தூக்கிப் பிஸ்டனைக் கையில் கொடுத்தார். பக்கவாட்டில் தேன் நிறத்தில் வார்னிஷ் அடித்தது போல் ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தும் பயனில்லை. மேல் ரிங் தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. விரிந்து சிலிண்டர் சுவரை அழுத்தினால்தானே ரிங்? உடைந்த பழைய ரிங் துண்டொன்றை உளியாகப் பிடித்து, பள்ளத்தை அவர் மெல்ல மெல்லச் சுரண்டினார். "இது ஆயில் இல்லைங்க, கோந்து" என்றார். பிஸ்டன் தேயாமல் பளபளவென்று இருந்ததையும் அவர்தான் காட்டினார்.

எனக்கு அந்தப் பிஸ்டனே போதுமான பாடமாக இருந்தது. ஒட்டும் குணத்தில் நல்லதை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. ரேஸ் எஞ்சினைச் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை பிரித்துத் துடைப்பார்கள்; கோந்து சேர நேரமில்லை. காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போய்வரும் வண்டியை யார் அப்படிப் பிரிப்பார்கள்? நகர நெரிசலில் மெதுவாக ஓடும் எஞ்சினில் கோந்து இன்னும் சீக்கிரம் சேரும், பிளக்கும் அழுக்கேறும். குளிர் நாட்களில் ஆமணக்கெண்ணெய் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கும் சிக்கலும் உண்டு. அப்போது கார்பரேட்டருக்கு ஒரு நேரம் எண்ணெயே இல்லாத பெட்ரோல் போகும், ஒரு நேரம் வெறும் எண்ணெய் போகும். ஆனால் எரிசாராய வகைகளில் அது நன்றாகக் கரைகிறது. மெத்தனாலில் ஓடும் மாடல் விமான எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெய் இன்றும் நிலைத்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

சமையலறையிலுள்ள மற்ற எண்ணெய்களை நினைக்கவே வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே பிசினாகும். வடைச்சட்டியின் வெளிப்புறத்தில் படியும் பழுப்புப் பிசின் அதுதான். தேங்காயெண்ணெய் அப்படிக் கெடாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கியவர்களுக்கு அந்த எண்ணெய் எஞ்சின் குழாயில் என்ன செய்யும் என்று புரியும்.

அப்படியானால் தாவர எண்ணெயை விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தன் எண்ணெயைத் தெருவிலும் காற்றிலும் துப்பிக்கொண்டேதான் ஓடும். படகு எஞ்சின் என்றால் நேரே தண்ணீருக்குள். மண்ணில் சீக்கிரம் மக்கிப்போகும் எண்ணெய்க்கு இங்கேதான் அதிகத் தேவை. வேதியியலாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தாவர எண்ணெயில் கொழுப்பு அமிலங்களைக் கட்டி வைத்திருக்கும் கிளிசரால்தான் சூட்டில் முதலில் உடையும் இடம். அதை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் வேறொரு ஆல்கஹாலோடு அந்த அமிலங்களைச் சேர்த்தால் எஸ்டர் எண்ணெய் கிடைக்கும். உலோகத்தைப் பற்றும் குணம் அதில் உண்டு, கோந்து மிகக் குறைவு. விலைதான் கூடுதல். ஆமணக்கிலிருந்து எடுக்கும் செபாசிக் அமிலத்தின் எஸ்டர்கள் ஜெட் எஞ்சின்களுக்கே உயவு எண்ணெயாகப் போயிருக்கின்றன. உலகின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது, அதிலும் குஜராத்தில். நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் இருந்தால், 'ஜாசோ எஃப்.சி.' அல்லது 'எஃப்.டி.' என்று அச்சிட்ட ஆயிலை வாங்குங்கள். புகை எவ்வளவு, கரி எவ்வளவு, சைலன்சர் அடைக்குமா, உராய்வைத் தாங்குமா என்று சோதித்துத் தரும் ஜப்பானியத் தரம் அது. டாங்க்கில் ஏற்கெனவே கனிம ஆயில் இருந்தால் அதன்மேல் ஆமணக்கெண்ணெயை விடாதீர்கள். இரண்டும் ஒட்டாமல் திரிந்து நிற்கும். ஆமணக்கில் ஓட்டும் ரேஸ்காரர்களும் போட்டி முடிந்ததும் வண்டியை அப்படியே போர்த்தி வைப்பதில்லை. மிச்சக் கலவையை வடித்துவிட்டு, சாதாரண டூ-டி கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி, நின்ற இடத்திலேயே சிறிது நேரம் எஞ்சினை ஓடவிடுகிறார்கள். பேரிங்கில் தங்கிய விளக்கெண்ணெய் காய்ந்து இறுகுவதற்குள் கழுவி விட வேண்டும்.