தண்ணீர் முதலில், கம்ப்ரசர் பிறகு

நிலத்தடி நீரில் இயங்கும் ஹீட் பம்ப்பில் தண்ணீர் வால்வுக்கு ஒரே வேலைதான்: கம்ப்ரசர் ஓடும்போது நீரை விட வேண்டும், நின்றதும் அடைக்க வேண்டும். போர்வெல் மோட்டார் ஏற்றும் நீர் பிரஷர் டேங்க் வழியாக வெப்பமாற்றிக்குள் புகுந்து, கட்டடத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. மதுரைச் சமவெளியில் கோடைக்காற்று 40 டிகிரியைத் தொடும் நாளிலும் ஆழத்து நீர், ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி, 30 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். சூடான காற்றில் வெப்பத்தைத் தள்ளுவதைவிட இந்த நீரில் தள்ளுவதற்கு மின்சாரம் குறைவாகவே செலவாகிறது. சூரிச் நகர மன்றம் 1938-இல் லிமாட் ஆற்று நீரைக் கொண்டும், அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஈக்விட்டபிள் கட்டடம் 1948-இல் கிணற்று நீரைக் கொண்டும் ஹீட் பம்ப்பை இயக்கின. குளிர்நாடுகளில் இது பெரிதும் சூடேற்றவே பயன்படுகிறது. மதுரையின் வண்டியூர் போன்ற ஊரில் குளிர்விப்பதுதான் தேவை. இரண்டுக்கும் கருவி ஒன்றே.

வால்வை வெப்பமாற்றியின் வெளிவாயில் பொருத்துவதே முறை. அப்போதுதான் கம்ப்ரசர் நின்றிருக்கும்போதும் வெப்பமாற்றிக்குள் நீர் அழுத்தம் குறையாமல் நிறைந்திருக்கும். அழுத்தம் இறங்கினால் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு பிரியும். அதைத் தொடர்ந்து சுண்ணாம்பு படியும். மதுரைக்கு அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் ஊறும் நீர் பல இடங்களில் கடினநீர் என்பதால், இங்கே இந்த விதியை மீறினால் வெப்பமாற்றி விரைவில் அடைத்துக்கொள்ளும்.

வால்வில் மூன்று வகை உண்டு. சோலினாய்டு வால்வு நொடியில் மூடிக்கொள்ளும். ஓடும் நீர் திடீரென நிற்பதால் குழாய் அதிரும், இணைப்புகள் தளரும். மோட்டார் வால்வு மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும். மூன்றாவது வகைக்கு மின்சாரமே வேண்டாம். குளிர்பதன வாயுவின் அழுத்தம் ஏற ஏறத் தானாகவே அதிக நீரை விடும். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் மோட்டார் வால்வே ஏற்றது. அதிலும் மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் விசையால் மூடிக்கொள்ளும் வகை, மின்தடை நேரத்தில் நீர் வீணாகாமல் காக்கும்.

வயரிங்கில் பலர் செய்யும் பிழை, தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் ஒரே வயரை வால்வுக்கும் கம்ப்ரசர் கான்டாக்டருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. வால்வு திறந்து முடிப்பதற்குள் கம்ப்ரசர் நீரில்லாமல் ஓடத் தொடங்கிவிடும். குளிர்விக்கும்போது அழுத்தம் எகிறி இயந்திரம் டிரிப் ஆகும். சூடேற்றும்போது வெப்பமாற்றிக்குள் தேங்கிய நீர் உறைந்து குழாயையே பிளக்கக்கூடும்.

இதற்குத் தீர்வு வால்வுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் எண்ட் சுவிட்ச். வால்வு திறந்து முடிந்தால்தான் அதன் முனைகள் சேரும். தெர்மோஸ்டாட்டின் 24 வோல்ட் கட்டளை முதலில் வால்வு மோட்டாருக்குப் போக வேண்டும். எண்ட் சுவிட்சைக் கடந்த பிறகே கான்டாக்டருக்கு வர வேண்டும். வால்வுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் மின்சாரமும் கலக்காதபடி எண்ட் சுவிட்சின் முனைகள் தனித்திருக்க வேண்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால், வால்வு, கான்டாக்டர், ரிலே எல்லாவற்றின் தேவையையும் கூட்டிப் பார்த்து அது தாங்குமா என்று உறுதிசெய்ய வேண்டும். போர்வெல் ஸ்டார்ட்டரின் மின்வயர்கள் இந்த 24 வோல்ட் வயர்களோடு ஒரே பைப்பில் போகக்கூடாது.

எண்ட் சுவிட்ச் மட்டும் போதாது. கண்மாயில் மடை திறந்தது வேறு, கடைசி வயலுக்கு நீர் எட்டியது வேறு. அதுபோல வால்வு திறந்தும் போர்வெல்லில் நீர் இல்லாமல் போகலாம். ஆகவே எண்ட் சுவிட்சுக்கு அடுத்து, நீரோட்டம் இருந்தால் மட்டுமே சேரும் ஃப்ளோ சுவிட்சைத் தொடரில் இணைக்க வேண்டும்.

நீர் வெளியேறும் இடத்தையும் வயரிங்கில் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு டன் குளிர்விக்க நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் நீர் ஓடினால், அது ஏறத்தாழ 6 டிகிரி சூடாகி வெளியேறும். ஐந்து டன் இயந்திரம் மணிக்கு 3,000 லிட்டரும், ஆறு மணி நேரத்தில் 18,000 லிட்டரும் இறைக்கும். வெப்பமாற்றிக் குழாய்க்குள் மட்டுமே ஓடிவந்த அந்த நீர் அழுக்காகவில்லை, சூடு மட்டுமே ஏறியிருக்கிறது. அதைச் சாக்கடையில் விடுவது பக்கத்து வீட்டுக் கிணற்றை வற்றவைக்கும் அநியாயம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம் வைகை நீரை வாங்கித் தேக்கியது. அதில் நீர் நின்றால் சுற்றுவட்டக் கிணறுகளும் ஊறும். தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சேகரிக்கச் சொல்லும் ஊரில் இறைத்ததை வீணாக்க யாருக்கும் உரிமை இல்லை.

எடுத்த நீர், எடுத்த போர்வெல்லிலிருந்து தள்ளித் தோண்டிய மற்றொரு போர்வெல் வழியாக மண்ணுக்கே திரும்ப வேண்டும். அருகிலேயே விட்டால் சூடான நீரே மீண்டும் மேலேறி வரும். கடும்பாறை நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். எவ்வளவு வாங்குகிறது என்பதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். திரும்பும் போர்வெல்லில் நீர் மட்டம் மேலெழுந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் அதே தொடரில் சேர வேண்டும்.

ஆக, கான்டாக்டருக்கு முன்னால் தொடரில் நிற்பவை மூன்று: வால்வு திறந்ததா, நீர் ஓடுகிறதா, திரும்பும் நீருக்கு இடம் இருக்கிறதா. வேலை முடிந்ததும் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றினாலும் கம்ப்ரசர் நின்றால்தான் வயரிங் சரி.