மூடி தரும் 20 டிகிரி

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து ஏறும் மலைச்சாலையில் பழைய டீசல் வேன்களுக்கு இரண்டாவது கியர்தான் கதி. வெள்ளிமலை போய்ச் சேரும்வரை ஏற்றம், வளைவு, மறுபடியும் ஏற்றம். கல்வராயன் மலை ஊட்டி அளவுக்கு உயரமானதில்லை. உச்சிகள்கூட 1,200 மீட்டரைச் சுற்றித்தான். ஆனாலும் பானெட்டைத் தூக்கி வைத்து, புகை அடங்கட்டும் என்று காத்து நிற்கும் வண்டிகளை அந்தச் சாலையில் பார்க்கலாம்.

அப்படி 'ஹீட் ஆகி' நின்ற ஒரு வேனின் எஞ்சினை, கள்ளக்குறிச்சியில் நண்பர் வீட்டுக் கொல்லையில் அவரும் நானுமாகப் பிரித்து மாட்டினோம். வண்டி அவருடையது. மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் கடுக்காயும் இறங்கும். மளிகையும் ஆட்களும் ஏறுவார்கள்.  மலையில் ஒரு வேன் படுத்துவிட்டால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளம்பியவர்களும் வழியில் நிற்க வேண்டியதுதான்.

அந்த எஞ்சினின் பெயர் ஓஎம் 616. ஜெர்மனியில் 1973-இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. பிறகு பஜாஜ் டெம்போ நிறுவனம் (இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) உரிமம் பெற்று இங்கேயே தயாரித்து, டிராக்ஸ், டிராவலர் வண்டிகளில் பொருத்தியது. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், முழுக்க வார்ப்பிரும்பு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் தொல்லை கிடையாது. நடப்பதையெல்லாம் கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க முடிகிற எஞ்சின். வீட்டில் வைத்துப் பழுது பார்க்கலாம் என்ற தைரியம் அதனால்தான் வந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றை 21-இல் ஒரு பங்காக அழுத்தினால், அது 500, 600 டிகிரி செல்சியஸ்வரை சூடாகிவிடும். அந்தக் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். இந்த எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் விழுவதில்லை. முன்னறை ஒன்றில் பற்றி, அங்கிருந்து சீறிக்கொண்டு வெளியே வருகிறது. பென்ஸ் நிறுவனப் பொறியாளர் புரோஸ்பர் லோராஞ்ச் 1909-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. சத்தம் குறையும், எஞ்சின் மென்மையாக ஓடும். ஆனால் முன்னறையின் சுவர் வழியாக வெப்பம் தண்ணீருக்குக் கூடுதலாக இறங்கும். ஏற்றத்தில் இதுதான் வினை. எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது, வண்டியோ ஊர்கிறது, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று போதாது.

"மாப்ள, ஹெட்ட இறக்குறதுக்கு முன்னாடி தண்ணியப் பாரு" என்றார் நண்பர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தோம். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்தன. கொதிக்காத தண்ணீரில் அப்படிக் குமிழி வந்தால், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் 2, 3 என்ற பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் அழுத்தம் விழுந்திருந்தது. அவற்றுக்கு நடுவில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு எரிந்துபோயிருக்கிறது.

ஹெட்டை இறக்கும் முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, கேம் பல்சக்கரத்திலும் செயினிலும் பெயின்ட் அடையாளம் வைத்தோம். செயினைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டினோம். உள்ளே நழுவினால் வால்வுகளின் நேரக்கணக்கே குலைந்துவிடும். வார்ப்பிரும்பு ஹெட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தரையில் இறக்கியதும் சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் கருகி அறுந்திருந்தது தெரிந்தது. தண்ணீர்த் துளைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. போர்வெல் தண்ணீரின் வேலை. கடினநீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து வெளியேறி, எங்கே சூடு அதிகமோ அங்கே ஒட்டிக்கொள்ளும். இரும்பைவிடப் பல மடங்கு மெதுவாகவே அது வெப்பத்தைக் கடத்தும்.

சுண்ணாம்பு மட்டும் குற்றவாளியில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அந்த மூடியை வெறும் மூடி என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் அது ஓர் அழுத்த வால்வு. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். நல்ல மூடி உள்ளே கூடுதலாக 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால், கொதிநிலை 117-ஐ எட்டும். பிரஷர் குக்கரின் அதே கணக்கு. தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறப்பதே 80 டிகிரி வாக்கில் என்பதால், மூடி கெட்ட வண்டிக்கு மலையில் மிச்சம் 17 டிகிரி. நல்ல மூடி உள்ள வண்டிக்கு 37. தண்ணீர் கொதித்து நீராவிக் குமிழி ஒட்டிய இடத்தில் இரும்பு குளிர்வதில்லை. ஹெட் வளைகிறது, கேஸ்கட் விட்டுக்கொடுக்கிறது. இவ்வளவு பெரிய செலவை ஒரு சின்ன மூடி தடுத்திருக்கும் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்ததில் ஹெட் வளைந்திருந்தது. இங்கே 0.1 மில்லிமீட்டர் கோணலே அதிகம். லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கினோம். நீர்ப்பாதைகளையும் ரேடியேட்டரையும் சிட்ரிக் அமிலக் கரைசல் விட்டுக் கழுவினோம்.

போல்ட்டுகளை இறுக்குவதில் அவசரம் கூடாது. 91 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் எரிதலின் உச்சத்தில் 60 பார் அழுத்தம் என்று வைத்தாலே, ஹெட்டைத் தூக்கும் விசை ஏறக்குறைய 4 டன். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை அந்த அடி விழும். இறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீண்டு, ஸ்பிரிங் போல ஹெட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக இறுக்குகிறோம். ஓரத்தை முதலில் இறுக்கினால் கேஸ்கட் நடுவில் உப்பிக்கொள்ளும்.

பிறகு 'ஏர் எடுக்க' வேண்டும். டீசல் குழாயில் காற்று இருந்தால் பம்ப் அழுத்தும் அழுத்தமெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், இன்ஜெக்டர் திறக்காது. கைப்பம்பை அடித்து, நட்டுகளைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் கசியும்வரை பொறுத்தோம். ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கிச் சாவியைத் திருப்பியதும் முதலில் வெள்ளைப்புகை, பிறகு சீரான ஓட்டம்.

புது மூடி போட்டாயிற்று. ரேடியேட்டருக்கு இனி போர்வெல் தண்ணீர் இல்லை. பேட்டரித் தண்ணீரில் கலந்த கூலன்ட்தான். எஞ்சின் சூடாக இருக்கையில் அந்த மூடியை யாரும் திறக்கக் கூடாது. அழுத்தம் விட்ட நொடியில் 100 டிகிரிக்கு மேலுள்ள நீர் முகத்தில் சீறும். நாளை கூலன்ட் மாற்றும்போது பழையதைக் கொல்லையில் கொட்டவும் கூடாது. கூலன்டில் உள்ள கிளைகாலின் இனிப்புக்கு நாயும் ஆடும் நக்கிப் பார்க்கும். அது சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம்.