அளவு அதேதான், வீரியம் வேறு

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். அதில் ஒரு பங்கை டாஸ்மாக் கடையில் விட்டுவிட்டு வீடு திரும்பும் டெய்லர்களும் கட்டிங் மாஸ்டர்களும் திருப்பூரில் உண்டு. அவர்களில் சிலர் தினமும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். குடியால் கல்லீரல் சுருங்கிப்போனவருக்கு அந்த மாத்திரை பழையபடி வேலை செய்யாது.

நாடித் துடிப்பைத் தணித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களில் முன்னோடி புரொப்ரனலால். அதை 1960-களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே சிதைந்து, ஏறக்குறைய கால்வாசிதான் உடம்புக்குக் கிடைக்கிறது. கட்டிங் மாஸ்டர் துணிக்குச் சேதாரம் சேர்த்துக் கணக்குப் போடுவதைப்போல, டோஸும் இந்த இழப்பைச் சேர்த்தே முடிவு செய்யப்பட்டது.

இப்படிச் சுருங்கிப்போன, அதாவது சிரோசிஸ் வந்த கல்லீரலில் அந்தச் சேதாரம் குறைந்துவிடுகிறது. தழும்பேறிய கல்லீரலுக்குள் நுழைய முடியாமல் ரத்தம் பக்கவழிகளில் சுற்றிப் போகிறது. மருந்தும் கூடவே தப்பிவிடுகிறது. உள்ளே போனதைச் சிதைக்கவும் போதிய நொதிகள் இல்லை. கார்வெடிலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் என்றால் ரத்தத்தில் அதன் அளவு நான்கு முதல் ஏழு மடங்குவரை ஏறலாம். நாடி இறங்கும், எழுந்து நின்றால் தலைசுற்றும். சூடான அயர்ன் டேபிள் முன் நாள் முழுக்க நிற்பவருக்கு இது சாதாரண விஷயமல்ல.

எல்லா பீட்டா பிளாக்கரும் அப்படியில்லை. அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்; பிசோப்ரலால் பாதிக்குப் பாதி. அதனால் புது டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டுவது நல்லது.

ஆனால் புரொப்ரனலால், கார்வெடிலால் ஆகிய இதே மருந்துகள்தான் சிரோசிஸ் நோயாளிகளின் உயிரையும் காக்கின்றன. உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி எடுப்பதுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. மீண்டும் அப்படி நேர்வதைப் புரொப்ரனலால் குறைக்கும் என்று 1980-களின் தொடக்கத்தில் பாரிஸ் அருகே திதியே லெப்ரெக் குழுவினர் காட்டினார்கள். இன்று கல்லீரல் நிபுணர்கள் கார்வெடிலாலை 6.25 மில்லிகிராமில் தொடங்கி, பெரும்பாலும் 12.5-இல் நிறுத்திக்கொள்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்தவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள்.

சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினைப் பார்த்து டோஸ் கணக்கிடலாம். கல்லீரலுக்கு அப்படி ஓர் எண் இல்லை, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தும் சிரோசிஸ் இருக்கலாம். ஆகவே “குடிப்பீங்களா?” என்று டாக்டர் கேட்பது டோஸ் கணக்கின் ஒரு பகுதி. பக்கத்தில் மனைவி நிற்க, “எப்பவாச்சும்தானுங்க” என்று இழுப்பவருக்கு அந்தக் கணக்கே தப்பிப்போகிறது.

தலைசுற்றுகிறதே என்று மாத்திரையைத் தானாகவே விடுவதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் நாடி எகிறும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.