கூடு சுமந்து வரும் கிடைக்காரரும் நம் சங்கமும்

விருத்தாசலம் என்றால் வெளியூர் அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயில். அடுத்து வருவது பீங்கான். பீங்கான் தொழிலோ அசையாத தொழில். சூளையைப் பெயர்த்து வண்டியில் ஏற்ற இயலாது. நெசவாளர் வீட்டுக் குழித்தறியும் அத்தகையதே. தறி இறங்கிய குழி இருக்குமிடமே அவர் குடியிருக்கும் இடம். பயிரிடுவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே நம் சங்கத்து அங்கத்தினர் அனைவரும் ஓரிடத்தில் வேரூன்றியவர்கள். ஆனால் ஆண்டுதோறும் நம் ஊர்களின் வழியே வீடு, தொழில், முதல் ஆகிய மூன்றையும் உடன் நடத்திக்கொண்டு ஒரு கூட்டத்தார் வந்து போகின்றனர். அவர்களிடம் நாம் வாங்குவது மிகுதி. அவர்களுக்கென நாம் எண்ணிப் பார்த்தது குறைவு.

பருவத்துக்குப் பருவம் இடம் மாறிப் பிழைப்போர் பலவகையினர். நெல் அறுவடையான வயல்களில் சிந்திய மணியைத் தேடி வாத்து மேய்ப்போர் வருவர். ஆயிரக்கணக்கான வாத்துக்களை லாரியில் ஏற்றி வந்து, வாய்க்கால் ஓரத்தில் வலை கட்டி அடைத்து, விடியற்காலையில் முட்டை பொறுக்கி விற்பர். ஆரணி வாத்து, சன்னியாசி வாத்து, கீரி வாத்து என்று அவர்கள் இனம் பிரிப்பது கேட்கச் சுவையாயிருக்கும். அறுவடை ஓய்ந்ததும் வேறு மாவட்டத்துக்கோ ஆந்திரத்துக்கோ வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவர். கரும்பு வெட்டும் ஆட்கள் மற்றொரு வகை. மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டு, வெட்டு முடியும்வரை வயலோரத்தில் தார்ப்பாய்க் குடிசையில் வாழ்பவர்கள். சேத்தியாத்தோப்பிலுள்ள எம்.ஆர். கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் அங்கத்தினர் இவர்களை நன்கறிவர். வெட்டுக் கூலி கொடுப்பவர் பயிரிட்டவரே அல்லவா? இடம்பெயரும் தொழிலாளரின் பாதுகாப்புக்கென 1979ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு ஒப்பந்தக்காரர் மூலம் செல்வோரை மட்டுமே கருதி எழுதப்பட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து சேத்தியாத்தோப்புக்கு வரும் வெட்டாள் அதன் கண்ணில் படவில்லை.

இவ்விரு வகையினரையும் விரிவாக வேறொரு சமயம் காணலாம். இங்கு நாம் பேச எடுத்துக்கொண்டவர்கள் ஆட்டுக்கிடைக்காரர்கள்.

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு, சோழ மண்டலத்துக்கும் அங்கிருந்து நம் கடலூர் மாவட்டத்துக்கும் வரும் மேய்ப்பர்களின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். தம்முடைய ஆடுகளோடு உறவினரின் ஆடுகளையும் சேர்த்து ஒரே மந்தையாக நடத்துபவர் அவர். எந்த ஊரில் தங்குவது, எவர் நிலத்தில் கிடை அமர்த்துவது, எந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்வதும் அவர் பொறுப்பே. விருத்தாசலத்தோடு நெருங்கிய தொடர்புடைய நாவலாசிரியை சு. தமிழ்ச்செல்வி இம்மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ‘கீதாரி’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதியுள்ளார். நம் சங்கங்களின் வாசகசாலைகளில் இருக்க வேண்டிய நூல் அது.

இவர்களுடைய வீடு எப்படிப்பட்டது? இரவில் ஆடுகளை வளைத்து நிறுத்தப் படல்களோ வலையோ, ஈன்ற சில நாட்களே ஆன குட்டிகளைக் கவிழ்த்து மூடி வைக்கும் கூடு, மழைக்கு ஒரு தார்ப்பாய், சோறாக்கும் பானை, தண்ணீர்க் குடம், தழை ஒடிக்கத் தொரட்டி, காவலுக்கு இரண்டு நாய்கள். இவ்வளவே. முற்காலத்தில் இவையனைத்தும் தலைச்சுமையாகவே வந்தன. இப்போது குட்டிகளும் பாத்திரங்களும் சிறு லாரியில் முன்னே போக, மந்தை பின்னே நடந்து வருவதுண்டு. முன்பு மனைவி மக்களும் உடன் நடந்தனர். பிள்ளைகளின் படிப்பைக் கருதிப் பலர் அவர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வருகின்றனர். படிப்புக்கு அது நல்லது. ஆனால் ஆண்டில் பல மாதங்கள் தகப்பன் முகம் காணாத பிள்ளைகள் அவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மந்தை நகர்வது மனம் போன போக்கில் அன்று. அதற்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடையானதும் தாள் வயல்களை நோக்கி வருகின்றனர். ஆனால் அறுவடைக்கு முன்பே ஈரவயலில் உளுந்தும் பயறும் விதைப்பது காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் வழக்கம். அவ்வயல்களில் பங்குனி முடியும்வரை ஆடு கால் வைக்கலாகாது. வைத்தால் சண்டைதான். உளுந்து பிடுங்கிய பின் சித்திரை, வைகாசியில் நிலம் திறந்து கிடக்கும். அதுவே கிடைக்குச் சிறந்த காலம். வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டுக் குறுவை நடவு தொடங்குமானால், மந்தைகள் வாய்க்கால் பாசனப் பகுதியை விட்டு மேட்டு நிலங்களுக்கு ஏறவேண்டும். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்கள் அவர்களுக்கு அப்போது பயன்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையே மிகக் கொடிய பருவம். ஈரத்தில் நின்று குளம்பு அழுகும்; நீலநாக்கு நோய் பரவும்; புதுத்தளிரை அளவின்றி மேய்ந்த ஆடு துள்ளுமாரியால் திடீரென மடியும். 1997, 1998ஆம் ஆண்டுகளில் நீலநாக்கு நோய் தமிழகத்து மந்தைகளைப் பெரிதும் அழித்தது. இரவில் நூறு ஆடுகளோடு படுத்தவர் ஒரு வாரத்தில் வெறுங்கையோடு ஊர் திரும்ப நேரிடும் தொழில் இது.

நெசவாளர் அங்கத்தினர் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும்: இத்தனை செம்மறி ஆடுகள் உள்ளனவே, கம்பளி எங்கே? இவ்வாடுகளின் உடலில் இருப்பது மயிரே தவிர நூற்கத்தக்க கம்பளி அன்று. இராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி, சென்னைச் சிவப்பு ஆகிய இனங்கள் யாவும் இறைச்சிக்கே வளர்க்கப்படுபவை. தறிக்கு அவற்றால் பயனில்லை, வயலுக்குத்தான் பயன்.

அப்பயன் சிறிதன்று. வேளாண் நூல்கள் தரும் கணக்குப்படி ஆட்டெருவில் தழைச்சத்து நூற்றுக்கு 3 பங்கு, மணிச்சத்து 1 பங்கு, சாம்பல்சத்து 2 பங்கு உண்டு. மக்கிய தொழு உரத்திலோ தழைச்சத்து அரைப் பங்கே. மேலும் தொழுவத்தில் சேரும் எருவை அள்ளிச் செல்லும்போது சிறுநீரின் சத்து பெரும்பாலும் வீணாகிறது. கிடையில் அதுவும் நேரே மண்ணில் இறங்குகிறது. வண்டிக் கூலியும் அள்ளும் கூலியும் இல்லை. உரமே நடந்து வந்து, வேண்டிய வயலில் படுத்து, விடிந்ததும் எழுந்து போகிறது! ஆட்டெரு அந்தப் போகத்துக்கு, மாட்டெரு மறு போகத்துக்கு என்று நம் பெரியோர் கூறுவது அனுபவத்தின் கணக்கே. யூரியா மூட்டைக்காக வரிசையில் நிற்கும் காலத்தில் இதை நினைவூட்டுவது தவறாகாது.

பேரம் பெரும்பாலும் வயல் வரப்பில்தான் நடக்கும்.

“என்னங்க கீதாரி, போன வருசத்தை விட ஆடு குறைஞ்சிருக்குதே?”

“குறைஞ்சுதான் போச்சுங்க ஐயா. மழையில நாப்பது போயிருச்சு. மேயுற இடமும் வர வரச் சுருங்குது. நீங்க பார்த்து ஒரு ராத்திரிக்குப் போட்டுக் குடுங்க.”

இத்தனை ஆட்டுக்கு இத்தனை இரவு என்று எண்ணி, பணமாகவோ நெல்லாகவோ பேசி முடிப்பர். எழுத்தில் ஏதும் இராது. கிடை அமர்ந்த பிறகு, “ஆடு குறைவு, சரியாகப் படுக்கவில்லை” என்று சொல்லித் தொகையைக் குறைக்கும் நிலக்காரரும் உண்டு. ஆட்டின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் கிடைக்காரரும் உண்டு. இரு பக்கத்தையும் மறைப்பானேன்? ஆயினும் ஏமாந்த நிலக்காரர் வீட்டுக்குப் போய்ச் சோறுண்டு உறங்குகிறார். ஏமாந்த கீதாரிக்கு முறையிட அவ்வூரில் எவருமில்லை. ஆடு திருட்டுப் போனாலும், சாலையில் லாரி மோதி மடிந்தாலும் அதே நிலைதான். புகார் எழுதும்போது முதலில் கேட்பது விலாசம். அவர் சொல்லும் ஊரோ நூற்றைம்பது மைலுக்கு அப்பால் உள்ளது.

இந்த விலாசக் கேள்வி நம் இயக்கத்தையும் தொட்டதே. இந்தியாவில் 1904ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், ஒரே ஊரிலோ அருகருகே உள்ள ஊர்த் தொகுதியிலோ வசிக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம் என்றது. அவ்வாண்டிலேயே நம் மாகாணத்தில் திரூரில் தோன்றிய சங்கம் முதல், ஐக்கிய நாணய சங்கம் என்று அந்நாளில் பெயர் பெற்ற சங்கங்கள் யாவும் இவ்வடிப்படையில் எழுந்தவையே. அண்டை வீட்டான் நாணயத்தை அண்டை வீட்டான் அறிவான்; அந்த அறிவே அடமானம் என்பது அதன் கருத்து. மிகச் சிறந்த கருத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்டை வீடே இல்லாதவன் என்ன செய்வான்? 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே தொழிலைச் செய்வோர் என்ற வகையையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை; அவ்வழியில் நடந்தோர் குறைவு. கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு என மத்திய அரசு 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. அதைப் பெறுவதற்கும் கீதாரி தம் சொந்த ஊர்ச் சங்கத்துக்குத்தான் போகவேண்டும். ஆடுகளை எவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது? வாக்குரிமையின் நிலையும் அவ்வாறே. 2011, 2016, 2021ஆம் ஆண்டுகளின் சட்டமன்றத் தேர்தல்கள் ஏப்ரல், மே மாதங்களில் நடைபெற்றன. கிடை மும்முரமாக நடக்கும் மாதங்கள் அவை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், வீட்டு வாடகை கொடுக்க இயலாமல், படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் வண்டிகளிலேயே ஆண்டு முழுதும் குடியிருந்து, பருவ வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் முதியோர் பலர் உளர். 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வீடும் சேமிப்பும் இழந்தோர் அவர்களில் உண்டு. இலையுதிர் காலத்தில் வடக்கு டகோட்டா, மினசோட்டா மாநிலங்களில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை; கோடையில் காட்டுப் பூங்காக்களில் காவல் வேலை; பண்டிகைக்கு முன் பண்டகசாலையில் பொட்டலம் கட்டும் வேலை. ஜெசிகா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017ஆம் ஆண்டில் இவர்களைப் பற்றி எழுதிய நூல் பின்னர்த் திரைப்படமாகவும் வந்தது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தெற்கு டகோட்டா மாநிலம், அங்கே ஓரிரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டினாலே, கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையத்தின் முகவரியில் இவ்வண்டிவாசிகளுக்கு ஓட்டுநர் உரிமம் வழங்கி வந்திருக்கிறது. வீடில்லாதவனுக்கு முகவரி கொடுக்க இயலாது என்பது இயற்கை விதி அன்று. நாம் எழுதிய விதியே. நம் நாட்டிலும் ஒரு கதவு திறந்துள்ளது: தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, குடும்ப அட்டைதாரர் தம் ஊர்க் கடையில் மட்டுமன்றி வேறு கடையிலும் அரிசி பெறலாம். அரிசிக்கு ஆகுமெனில் மற்றவற்றுக்கு ஏன் ஆகாது?

பெரிய திட்டங்கள் வரட்டும். அதற்குமுன் நம் சங்கங்களே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பங்குனி மாதத்தில் கிடை வேண்டும் அங்கத்தினர் பெயரையும், நிலத்தின் அளவையும், வேண்டிய இரவுகளையும் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். கீதாரி ஊருக்குள் வந்ததும் அந்நோட்டைக் காட்டினால் அடுத்தடுத்த வயல்களில் பத்து, இருபது இரவுகள் அவருக்கு உறுதியாகும். ஒவ்வொரு நாளும் நிலம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆடுகளைச் செயலாளர் முன்னிலையில் ஒருமுறை எண்ணித் தொகையை எழுதிக்கொண்டால் பின்னால் வழக்கில்லை. தொகையைச் சங்கமே பெற்றுக் கொடுப்பதும் நன்று. அந்த ரசீதில் கீதாரியின் பெயரும், ஆடுகளின் எண்ணிக்கையும், தங்கிய நாட்களும் இருக்கும். காவல் நிலையத்திலோ கால்நடை மருந்தகத்திலோ காட்ட அவரிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுவாகவும் இருக்கலாம். நமக்கு இதில் ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான் செலவு.

கிடை அமர்த்தும் அங்கத்தினர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. பூச்சிமருந்து தெளித்த வயலையும், அதன் வரப்புப் புல்லையும் கீதாரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மடிவது அவருடைய முதல். குடிநீர் எடுக்க மோட்டார்க் கொட்டகையைத் திறந்து விடவேண்டும். கிடை ஒரே இடத்தில் நில்லாமல் இரவுக்கிரவு நகர்ந்து வயல் முழுதும் பரவுகிறதா என்று காலையில் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். கிடை பெயர்ந்த பின் எருவை வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். ஆகவே ஈரம் இருக்கும்போதே, அதிக ஆழமின்றி, மேலாக உழுது மூடிவிடுக.