மூளைக்கான மரபணு மருத்துவத்தில் செலுத்துமுறைச் சிக்கல்: கிரிஸ்டோஃப் பான்கியேவிச்சின் ஆய்வுப்பணி

ஆய்வுச்சுருக்கம்

மூளை நோய்களுக்கான மரபணு மருத்துவத்தில், ஏற்ற மரபணுவைத் தெரிவுசெய்தல் ஒரு பாதி. அதனை உரிய நரம்பணுக்களுக்குப் போதிய அளவில் கொண்டுசேர்த்தல் மறுபாதி. போலந்து நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று ஆய்வு மேற்கொண்ட நரம்பியல் அறிஞர் கிரிஸ்டோஃப் பான்கியேவிச்சின் பணி பெரிதும் இம்மறுபாதியைச் சார்ந்தது. அப்பணியின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபணு மருத்துவம், டோபமின், பார்க்கின்சன் நோய், புட்டமென், செலுத்துமுறை.

முன்னுரை

குருதியில் கலக்கும் பெரிய மூலக்கூறுகளுள் பெரும்பாலானவற்றைக் குருதி-மூளைத் தடுப்பு மூளைக்குள் விடுவதில்லை. எனவே, மரபணுவைச் சுமக்கும் தீங்கற்ற வைரஸை மண்டையோட்டில் துளையிட்டு நேரடியாக மூளைத் திசுவில் செலுத்தும் முறை தோன்றியது. எனினும், செலுத்திய இடத்திலிருந்து அது தானாகப் பரவும் தொலைவு மிகக் குறைவு. எலியின் சிறு மூளைக்குப் போதுமான பரவல் மனித மூளைக்குப் போதுவதில்லை.

குரங்கு மாதிரி

எம்.பி.டி.பி. என்னும் வேதிப்பொருள் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அழிப்பது 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தெரியவந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய பான்கியேவிச்சும் குழுவினரும், 1986இல் இதனைக் குரங்கின் ஒரு பக்கக் கழுத்துத் தமனி வழியே செலுத்தி, உடலின் ஒரு பக்கம் மட்டும் நோயுற்ற மாதிரியை உருவாக்கினர். நோயுற்ற பக்கத்தையும் நலமான பக்கத்தையும் ஒரே விலங்கில் ஒப்பிட இது வழிவகுத்தது.

அழுத்தவழிச் செலுத்தல்

திரவத்தை மெல்லிய, சீரான அழுத்தத்தில் செலுத்தினால், அது அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் ஓடிப் பரவும் என்பதை இதே நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 1994இல் காட்டினர். பான்கியேவிச் இம்முறையை மரபணு ஏந்தும் வைரஸுக்குப் பயன்படுத்தினார். ஆனால், திரவம் குழாயின் புறச்சுவரை ஒட்டி மேல்நோக்கிக் கசிந்தது. நுனியருகே படிபோல் விட்டம் மாறும் குழாயை அவர்தம் குழு வடிவமைத்து இக்கசிவைக் கட்டுப்படுத்தியது. பின்னர், காந்த அதிர்வுப் படத்தில் ஒளிரும் காடோலினியச் சேர்மத்தை வைரஸுடன் கலந்து, மருந்து பரவுவதை அறுவையின்போதே காணும் நிலை உருவாயிற்று.

பார்க்கின்சன் நோயில் ஆய்வு

லெவோடோபாவை டோபமினாக மாற்றுவது ஏ.ஏ.டி.சி. என்னும் நொதி. நோய் முற்றுங்கால் புட்டமென் பகுதியில் இந்நொதி குறைவதால் மாத்திரையின் பயனும் குறைகிறது. இந்நொதிக்குரிய மரபணுவைப் புட்டமென் நரம்பணுக்களிலேயே சேர்த்தால், அவை லெவோடோபாவை டோபமினாக மாற்றவல்லன. விளைவு மிகுந்தால் மாத்திரையைக் குறைத்துச் சரிசெய்யலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

தொடக்கநிலை மனித ஆய்வுகளில் புட்டமெனின் சிறு பகுதியையே வைரஸ் எட்டியது. 2019இல் வெளியான 15 நோயாளர் ஆய்வில், படவழிகாட்டலுடன் செலுத்தும் அளவு கூட்டப்பட்டபோது, எட்டிய பகுதி மூன்று குழுக்களில் முறையே 21, 34, 42 விழுக்காடாக உயர்ந்தது. நொதியின் செயற்பாடும் அதற்கேற்ப மிகுந்தது. எனினும், இதனைத் தொடர்ந்த ஒப்பீட்டு ஆய்வில் சில நோயாளரின் மூளைப்படங்களில் மாறுதல்கள் தென்பட்டமையால், 2020ஆம் ஆண்டின் இறுதியில் அது நிறுத்திவைக்கப்பட்டது. எனவே, பரவலை மிகுவித்தது மட்டும் நோய்தீர்க்கும் பயனுக்குச் சான்றாகிவிடாது.

குழந்தைகளின் நோய்

ஏ.ஏ.டி.சி. நொதியே பிறவியில் குறைபட்ட குழந்தைகளுக்குத் தலை நிற்பதில்லை. கண்விழிகள் மேல்நோக்கிச் செருகும் துன்பம் மணிக்கணக்கில் நீடிக்கும். தைவான் மருத்துவர் குழுவினர் இம்மரபணுவைப் புட்டமெனில் செலுத்தி, நான்கு குழந்தைகளின் முன்னேற்றத்தை 2012இல் வெளியிட்டனர். பான்கியேவிச்சின் குழு வேறு இலக்கைத் தெரிந்துகொண்டது. இந்நோயில் நரம்பணுக்கள் அழிவதில்லை. நொதி மட்டுமே இல்லை. ஆகவே, டோபமின் நரம்பணுக்களின் இருப்பிடமாகிய நடுமூளையில் மரபணுவைச் சேர்த்தால், அவற்றின் நீண்ட இழைகள் வழியே பயன் புட்டமென் வரை சென்றுசேரும் என அக்குழு கருதியது. பார்க்கின்சன் நோயில் அந்நரம்பணுக்களே அழிவதால் அங்கு இவ்வழி பொருந்தாது.

2021இல் வெளியான முடிவுகளின்படி, 4 முதல் 9 வயது வரையிலான ஏழு குழந்தைகளுள் அறுவருக்கு மூன்று மாதங்களுக்குள் விழி செருகும் துன்பம் முற்றிலும் நீங்கியது. ஓராண்டில் அறுவருக்குத் தலை நின்றது. நால்வர் தாமாக அமர்ந்தனர். பதினெட்டு மாதங்களில் இருவர் இரு கைகளையும் பிறர் தாங்க நடந்தனர். தைவான் ஆய்வின் வழிவந்த, புட்டமெனில் செலுத்தும் மருந்து 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

முடிவுரை

ஒரே மரபணு, ஒரே வகை வைரஸ். நோயும் இலக்கும் மாறியபோது விளைவும் மாறியது. நரம்பணுக்கள் அழிந்துகொண்டிருக்கும் மூளையில் ஐயத்திற்கு உட்பட்டு நிற்கும் மருத்துவம், நரம்பணுக்கள் நிலைத்திருக்கும் மூளையில் குழந்தையைத் தலைநிமிர்த்தியது. எந்த மரபணு என்பதோடு, எந்த அணுவில், எவ்வளவு, எவ்வழி என்னும் வினாக்களையும் இணைத்தே மூளைக்கான மரபணு மருத்துவத்தை மதிப்பிட வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.