ஒரே புகார்... மூன்று பேருக்கு மூன்று வைத்தியம்!

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லீங்க டாக்டர்!"

ஒரே நாளில் மூன்று பேர் இதையே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாமக்கல் லாரி டிரைவர். இன்னொருவர் விடுதிப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் மாணவி. மூன்றாமவர் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளி. (ஆட்கள் நம் கற்பனை. பிரச்னைகள் கற்பனை அல்ல!) மூவருக்கும் ஒரே தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடலாமா? கூடாது. ஏன் என்று பாருங்கள்.

முதலில் டிரைவர். தொப்பூர் இறக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில், முன்னால் போன வண்டி நொறுங்கியதைக் கண்ணால் பார்த்தவர் இவர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஆறு மாதமாகக் கண்ணை மூடினால் அதே சத்தம், அதே டீசல் வாடை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது. மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. "ஆம்பளை, இதுக்குப் போயி பயப்படலாமா?" என்று பட்டறையில் கேலி வேறு. லாரித் தவணை நிற்கிறது.

இது கோழைத்தனமே இல்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பின்னால் வரும் ஒரு மனநோய். தூக்க மாத்திரை இதன் வேரைத் தொடாது. (மாத்திரை மயக்கத்தில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்?) இவருக்கு வேண்டியது பயத்தைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்கும் சிகிச்சை. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-லேயே இந்தப் படிக்கட்டு முறையை எழுதி வைத்தார்.

முதல் வாரம், நடந்ததை ஆரம்பம் முதல் கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அழுதாலும் பரவாயில்லை. அடுத்து, பட்டறையில் நிற்கிற லாரியில் சும்மா உட்கார வேண்டும். நெஞ்சு படபடக்கும். இறங்கி ஓடாமல் அங்கேயே இருந்தால் படபடப்பு தானாகத் தணியும். 'நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கலையே' என்று மூளை கற்றுக்கொள்வது அந்த நேரத்தில்தான். பிறகு கிளீனர் சீட்டில் ஓமலூர் வரை. அப்புறம் தானே ஓட்டி... கடைசியில்தான் தொப்பூர்! அவசரப்பட்டு முதல் நாளே அங்கே கூட்டிப் போனால் காரியம் கெட்டது.

மாணவிக்கு இந்தப் படிக்கட்டு உதவாது. அவளை வாட்டுவது எண்ணம். 'ஒரு டெஸ்ட்ல மார்க் குறைஞ்சா என் வாழ்க்கையே போச்சு.' அமெரிக்காவின் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிந்தனை மாற்றுச் சிகிச்சை இங்கே கைகொடுக்கும். வந்த எண்ணத்தை நோட்டில் எழுதச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் என்ன? எதிர் ஆதாரம் என்ன? வக்கீல் மாதிரி அவளே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வழக்கமாக வாரம் ஒருமுறை, பன்னிரண்டு முதல் இருபது தடவை. அப்பா அம்மாவையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பாதி வியாதி வீட்டிலிருந்துதானே விடுதிக்குப் போகிறது!

ஆனால் "செத்துப் போயிடலாம்போல இருக்கு" என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தறிக்காரருக்கு தூக்கத்தைக் கெடுப்பதே அவர் தூக்கத்துக்காகக் குடிப்பதுதான். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவில் எழுப்பிவிட்டுவிடும். இவருக்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை. உலகமே சொல்லியாச்சு! வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய முறையில் மருத்துவர் போதிக்க மாட்டார், கேட்பார். "குடிக்கிறதுல உங்களுக்கு என்ன கிடைக்குது? எதை இழக்கறீங்க?" நிறுத்த வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அடுத்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்து. தாய்மார்களே, அதைத் தொடாதீர்கள்! அதன்மேல் அவர் குடித்துவிட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

"அப்படீன்னா எல்லாத்தையும் பேசியே சரி பண்ணிடலாமா?" என்கிறீர்களா? முடியாது. காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், ஒரேயடியாகத் தலைகால் புரியாத உற்சாகம் இவற்றுக்கு மாத்திரைதான் முதல் ஆதாரம். பேச்சு, துணைக்கு. சோர்வு நோய்க்கு மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே 'கேட்கலை' என்று குப்பையில் போடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

குணசீலம் பெருமாளிடம் வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. உங்கள் விஷயத்தை டாக்டர் ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? 14416-க்கு போன் போடுங்கள். 2022-ல் தொடங்கிய இலவச சேவை. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். 'எனக்கு எந்த முறை, எத்தனை தடவை?' என்றும் கேளுங்கள். நாலைந்து தடவை போயும் ஒட்டவில்லையா? அவரிடமே சொல்லிவிடுங்கள். முறையை மாற்றலாம், ஆளையே கூட மாற்றலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.